கணக்கில் விழுந்த துண்டு

10 வெள்ளிக்காசுகளுள் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணை நாம் அனைவரும் அறிவோம். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் அவ்வுவமையைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை காசு கிடைத்தபின் அவள் அடைந்த மகிழ்ச்சியைப் பற்றியே பேசும். காசு தொலைந்தது என்பதை அவள் எவ்வாறு அறிந்தாள் என்று நாம் கேட்பதில்லை. கையில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்ததனால் அறிந்தாள். இருப்பது கண்ணில் தானாகப் படும். இல்லாதது எண்ணிப் பார்க்கிறவர்களுக்கே புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் வரலாறு, ஒரு வகையில், இவ்வாறு எண்ணிப் பார்த்தவர்களின் வரலாறே. வரவையும் செலவையும் எழுதிக் கூட்டியபோது ஐந்தொகையில் துண்டு விழுந்தது. கணக்கு முறையே தவறு என்றனர் சிலர். எங்கோ ஒரு பொருள் மறைந்திருக்கிறது என்றனர் வேறு சிலர். அண்டத்திலுள்ள பொருளின் பெரும்பகுதி இன்று அவ்வாறு கணக்கில் மட்டுமே இருக்கிறது; எந்தக் கருவிக்கும் அது நேரடியாக அகப்படவில்லை. அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அதன் துகள்களைத் தேடவும் வேறு பல வினாக்களுக்கு விடை காணவும் இன்னும் பெரிய துகள் மோதுவிகளைக் கட்டலாமா என்று அறிவியல் உலகம் இன்று ஆலோசித்துக்கொண்டிருக்கிறது. இது பெரும்பொருள் வேண்டும் செயல். ஆகவே இந்தத் தேடல் வந்த வழியை நாமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

இரு கோள்களின் கதை

யுரேனஸ் என்னும் கோள், நியூட்டனின் விதிகள் வகுத்த பாதையிலிருந்து சற்றே விலகிச் சென்றது. அதற்கப்பால் காணப்படாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லெவெரியே கணக்கிட்டார். அவர் சுட்டிய இடத்தின் அருகிலேயே, 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், பெர்லின் வானாய்வகத்தில் காலே என்பவர் தொலைநோக்கியைத் திருப்பி நெப்டியூனைக் கண்டார். காணாததைக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு இருந்தது. அதே லெவெரியே 1859இல் அதே முறையைக் கையாண்டு, கதிரவனுக்கு மிக அருகே மறைந்திருக்கும் ஒரு பொருளே இதற்குக் காரணம் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் சூட்டப்பட்டது. வல்கனைக் கண்டதாகவே சிலர் சொன்னார்கள். ஆனால் அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டால் புதனின் பிசகை விளக்கினார். அங்கே குறைந்தது பொருளன்று. ஈர்ப்பைப் பற்றிய நம் அறிவே குறைவாயிருந்தது.

ஒரே அறிஞர், ஒரே முறை. ஒன்று பலித்தது, மற்றொன்று பொய்த்தது. கரும்பொருளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்விரு கோள்களையும் நாம் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

வானின் ஐந்தொகை

வானில் ஒளிதராத பொருள் உண்டு என்னும் எண்ணம் பழையது. உரோமைக் கல்லூரியின் வானாய்வகத் தலைவராயிருந்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி (1818-1878), விண்வெளியில் கருந்திரள்கள் சிதறிக் கிடப்பதையும், பின்னாலுள்ள ஒளியை மறைப்பதனாலேயே அவை புலப்படுவதையும் குறித்து எழுதினார். அவர் கண்டவை தூசியும் வாயுவும் கலந்த முகில்கள். நாம் இங்குப் பேசும் பொருளோ ஒளியைத் தருவதுமில்லை, மறைப்பதுமில்லை.

1933இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் சுவிக்கி, அமெரிக்காவில் பணியாற்றியபோது, கோமா என்னும் விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் மிக விரைவாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே அவற்றைக் கட்டி வைத்திருக்குமானால், அக்கொத்து என்றோ சிதறிப் போயிருக்க வேண்டும். தெரிவதைக் காட்டிலும் பன்மடங்கு பொருள் தெரியாமல் இருக்கிறது என்று அவர் எழுதினார். நெடுங்காலம் அவர் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே.

அச்சொல்லுக்கு வலுவூட்டியவர் வேரா ரூபின் (1928-2016) அம்மையார். யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், வாஷிங்டனில் இயேசு சபையார் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பயின்று 1954இல் முனைவர் பட்டம் பெற்றார். கதிரவனை நெருங்கியிருக்கும் புதன் நொடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் விரைகிறது. தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கிலோமீட்டர் அளவே நகர்கிறது. மையத்தைவிட்டு விலக விலக வேகம் குறைவது இயல்பு. ஆனால் கென்ட் ஃபோர்டு உருவாக்கிய நிறமாலைக் கருவியின் துணையோடு ஆண்டிரோமிடா மண்டலத்தை அளந்தபோது, வெளி விளிம்பிலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. 1970இல் இம்முடிவு வெளிவந்தது. அடுத்த 10 ஆண்டுகளில் அவர்கள் அளந்த மண்டலங்களெல்லாம் இதே கதையைச் சொல்லின. ஒவ்வொரு மண்டலமும் காணப்படாத பெரும்பொருளின் நடுவே மிதந்துகொண்டிருக்கிறது என்பதே எளிய விளக்கமாக இருந்தது. 1996இல் திருத்தந்தையின் அறிவியல் கழகம் அம்மையாரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பின்னர் அண்டத்தின் பழம்பெரும் ஒளியான நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலம், 2013இல் இக்கணக்கைத் துல்லியமாக்கியது. நாமும் நம் உலகும் விண்மீன்களும் ஆகிய இயல்பான பொருள் அண்டத்தின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு. கரும்பொருள் 27 விழுக்காடு. எஞ்சிய 68 விழுக்காடு கருவாற்றல் எனப்படும் வேறொரு புதிர். ஐந்தொகையில் விழுந்த துண்டு, கையிருப்பைவிடப் பெரிதாய் இருந்தது.

காணாமற்போன ஆற்றல்

இதற்கிடையே, அணுவின் உலகிலும் ஒரு கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. சில அணுக்கருக்கள் எலெக்ட்ரானை உமிழ்ந்து மாறும்போது, வெளிவரும் ஆற்றல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருந்தது. இதை 1914இல் சாட்விக் கண்டார். கொஞ்சம் ஆற்றல் எங்கோ போய்விடுகிறது. ஆற்றல் அழிவதில்லை என்னும் விதியையே கைவிடலாமோ என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரே ஐயுற்றார். 1930ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், வோல்ஃப்காங் பவுலி தம் சக அறிஞர்களுக்கு ஒரு மடல் எழுதினார். மின்னூட்டமற்ற, எதனோடும் எளிதில் உறவாடாத ஒரு சிறு துகள் அந்த ஆற்றலைத் தூக்கிச் செல்கிறது என்பது அவர் கருத்து. பின்னர் அதற்கு நியூட்ரினோ என்ற பெயர் நிலைத்தது. அதை எவரும் காண இயலாது என்றே அவர் அஞ்சினார். ஆயினும் 1956இல் ரெய்ன்ஸ், கோவன் இருவரும் ஓர் அணு உலையின் அருகே கருவி வைத்து அதைக் கண்டுபிடித்தனர். அதற்கு 26 ஆண்டுகள் ஆயின.

நியூட்ரினோ ஒளியோடு உறவாடாதது, அண்டமெங்கும் நிறைந்தது. அதுவே கரும்பொருளாய் இருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். அறிஞர்களும் கேட்டார்கள். ஆனால் அது மிக இலேசானது, மிக விரைவானது. மண்டலங்கள் உருவாகும் அளவுக்கு ஓரிடத்தில் திரண்டு நிற்கும் இயல்பு அதற்கில்லை. எனவே அதைப்போல் கூச்சமுடைய, ஆனால் அதனினும் மிகக் கனமான ஒரு துகள் வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இவ்வெண்ணம் வலுப்பெற்றது. அண்டத்தின் தொடக்க வெப்பத்தில் பிறந்து, பின் ஒன்றையொன்று அழித்து, அழியாமல் எஞ்சிய துகள்களே கரும்பொருள் என்று கொண்டால், அவற்றின் எடை புரோட்டானைப்போல் நூறு மடங்கிலிருந்து சில ஆயிரம் மடங்குவரை இருக்கலாம் என்று கணக்கு சொன்னது. அத்தகைய துகளை மோதுவியில் உண்டாக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை இங்கேதான் பிறந்தது.

மோதல்களின் ஐந்தொகை

கருவிக்கு அகப்படாத துகளை மோதுவியில் காண்பது எவ்வாறு? இங்கும் எண்ணிப் பார்ப்பதே வழி. எதிரெதிராய் ஓடிவரும் இரு புரோட்டான்களுக்கு முன்னும் பின்னுமான உந்தம் உண்டு, பக்கவாட்டில் இல்லை. ஆகவே மோதியபின் சிதறும் துகள்களின் பக்கவாட்டு உந்தங்களையும் திசையறிந்து கூட்டினால் சுழியம் வரவேண்டும். வெடித்த பட்டாசின் காகிதமெல்லாம் ஒரு பக்கமே கிடந்தால், மறுபக்கத்தில் நாம் காணாத எதுவோ பறந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஒரு பக்கம் மட்டும் துகள் கற்றை பாய்ந்து, மறுபக்கம் வெறுமையாய் இருக்கும் நிகழ்வுகளே இந்தத் தேடலின் தடயங்கள்.

இம்முறை தன் ஆற்றலை 1983இல் காட்டியது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் கார்லோ ரூபியாவின் குழுவினர், நியூட்ரினோ தப்பிச் சென்ற இடைவெளியைக் கணக்கிட்டே டபிள்யூ துகளைக் கண்டனர். அடுத்த ஆண்டே நோபல் பரிசு வந்தது. ஆனால் அதே 1984இல் அதே கருவியில், ஒற்றைக் கற்றையும் மறுபக்க வெறுமையுமாக ஒருசில நிகழ்வுகள் தென்பட்டன. புதிய துகள் அகப்பட்டுவிட்டது என்ற பரபரப்பு எழுந்தது. கோட்பாட்டாளர்கள் கட்டுரைகளை எழுதிக் குவித்தார்கள். பொறுமையாகக் கூட்டிக் கழித்தபோது, முன்பே அறிந்த பல சிறு காரணங்கள் ஒன்றுசேர்ந்து அந்த வெறுமையை உண்டாக்கியிருந்தன என்று தெரிந்தது. நெப்டியூனும் வல்கனும் மீண்டும் ஒருமுறை அடுத்தடுத்து வந்து போயின.

1989 முதல் 2000 வரை செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் மோதின. அங்கே பிறந்த ஏறத்தாழ 1.7 கோடி இசட் துகள்களை ஆராய்ந்து, அவை காணாமல் சிதையும் பங்கை அளந்தார்கள். இலேசான நியூட்ரினோக்கள் மூன்று வகை மட்டுமே என்று அது உறுதி செய்தது. காணாதவற்றையும் இத்தனை என்று எண்ணிவிட முடிந்தது என்பது வியப்புக்குரியது.

அமெரிக்காவிலோ, டெக்சாஸ் மாநிலத்தில் 87 கிலோமீட்டர் வளையமாகத் திட்டமிடப்பட்ட பெருமோதுவியை 1993 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் கைவிட்டது. அதற்குள் 20 கிலோமீட்டருக்கும் மேலாகச் சுரங்கம் தோண்டி, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாகியிருந்தது.

செர்னின் பழைய சுரங்கத்திலேயே அமைந்த பெரும் ஹேட்ரான் மோதுவி 2008 செப்டம்பர் 10ஆம் நாள் தொடங்கி, 9ஆம் நாளில் பழுதுற்று, 2009 நவம்பரில் மீண்டும் உயிர்பெற்றது. 2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கரும்பொருளும் விரைவில் அகப்படும் என்று பலர் எதிர்பார்த்தனர். 13.6 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்வரை சென்றும் அது அகப்படவில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலையடியிலும், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாச் சுரங்கத்திலும் டன் கணக்கில் நீர்ம செனானை வைத்துக் காத்திருக்கும் கருவிகளுக்கும் அது அகப்படவில்லை.

நாளைய கருவிகள்

இனிக் கட்டப்பட வேண்டியவை பற்றிப் பல திட்டங்கள் உள்ளன. ஜப்பானில் நேர்கோட்டு மோதுவி ஒன்றுக்கான வடிவமைப்பு 2013இல் வெளிவந்தது. சீனா 100 கிலோமீட்டர் வளையத்தை வரைந்தது. செர்ன், வருங்கால வட்ட மோதுவி என்னும் 91 கிலோமீட்டர் அளவிலான வளையத்துக்குரிய சாத்தியக்கூற்று அறிக்கையை 2025 மார்ச்சு 31ஆம் நாள் வெளியிட்டது. அவ்வறிக்கையின்படி, முதலில் எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதல்கள் 2040களின் பிற்பகுதியில் தொடங்கலாம். பிறகு 2070களில், அதே சுரங்கத்தில், ஏறத்தாழ 85 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டான்கள் மோதலாம்.

இவ்விரண்டும் இருவேறு முறையில் தேடும். எலெக்ட்ரானுக்கு உள்ளுறுப்புகள் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. ஆகவே மோதலுக்குள் எவ்வளவு ஆற்றல் சென்றது என்று துல்லியமாகத் தெரியும். ஓர் இசட் துகளும் ஒரு ஹிக்ஸ் துகளும் சேர்ந்து பிறந்தால், இசட்டை மட்டும் அளந்து, எஞ்சியது ஹிக்ஸ் என்று கழித்தே சொல்லிவிடலாம்; ஹிக்ஸ் ஒரு சுவடும் இன்றி மறைந்தாலும் அது பிறந்ததை மறைக்க இயலாது. ஹிக்ஸ் துகள் கரும்பொருளாகச் சிதைகிறதா என்பதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இன்றைய மோதுவி சோதித்திருக்கிறது. நாளைய கருவி ஆயிரத்தில் சில பங்குவரை சோதிக்கும். பழைய கருவி 1.7 கோடி இசட் துகள்களை எண்ணியது. புதியது லட்சக்கணக்கான கோடிகளை எண்ணும். புரோட்டான் மோதுவியோ ஆற்றலால் தேடும். கரும்பொருள் துகளின் எடைக்குக் கோட்பாட்டாளர்கள் கணக்கிட்ட எளிய விடைகளுள் இரண்டு, புரோட்டானைப்போல் ஏறத்தாழ 1,100 மடங்கும் 3,000 மடங்கும் ஆகும். அவ்வெல்லைகளை எட்டிப் பார்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ தெளிவான விடை கிடைக்கும்.

ஆனால் இதன் எல்லையையும் நாம் அறிய வேண்டும். மோதுவியில் ஒரு காணாத் துகள் பிறந்தது என்று காட்டலாம். கருவியைக் கடந்து செல்லும் அந்த ஒரு கணம் அது வாழ்ந்தது என்றும் காட்டலாம். 1,380 கோடி ஆண்டுகள் அழியாமல் வாழ்ந்து மண்டலங்களைத் தாங்குவதும் அதுவே என்று மோதுவி தனித்து மெய்ப்பிக்க இயலாது. அதற்கு நிலத்தடிக் கருவியும் வானாய்வகமும் சாட்சி சொல்ல வேண்டும். மேலும், கரும்பொருள் மிகமிக இலேசான வேறு துகளாகவும் இருக்கலாம். அப்போது மோதுவி அதை எட்டாது. ஈர்ப்பு விதியே திருத்தம் பெற வேண்டியது என்று 1983 முதல் வாதிடுகிறவர்களும் உள்ளனர். கிடைத்துள்ள சான்றுகள் பெரும்பாலும் அவர்களுக்கு எதிராக இருப்பினும், வல்கனை மறந்துவிட்டு அவர்களைப் பழிப்பது முறையன்று.

ஏழைகளின் கேள்வி

முதற்கட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க் ஆகும் என்று அவ்வறிக்கை கணக்கிடுகிறது. பசித்த வயிறுகள் உள்ள உலகில் இது தகுமா என்னும் கேள்வி எழுவது இயற்கை. நம் நாடும் 2017 முதல் செர்னின் இணை உறுப்பினராக இருப்பதால், இது நம்முடைய கேள்வியுமாகும். உலகளாவிய வலைப்பின்னலை செர்ன் 1993இல் கட்டணமின்றி உலகுக்கு அளித்ததே என்று சிலர் விடை கூறுவர். அது உண்மை. ஆயினும் எதிர்பாராமல் கிடைத்த பயனைக் காட்டி, எதிர்பார்த்த செலவை நியாயப்படுத்துவது முழுமையான விடையாகாது. உண்மையை அறிவது தன்னிலேயே ஒரு நன்மை என்று நாம் நம்புகிறோம் என்றால் அதையே வெளிப்படையாகச் சொல்லி, எவ்வளவு செலவு தகும் என்று மக்கள் முன்னிலையில் வாதிடுவதே நேர்மை. டெக்சாசில் மூடிய சுரங்கம், அவ்வாதத்தைக் காலத்தோடு நடத்தாததன் விலையையும் நமக்குக் காட்டுகிறது.

கோலோன் பேராலயத்தின் அடித்தளம் 1248இல் இடப்பட்டது. கோபுரங்கள் 1880இல் நிறைவுற்றன. இடையில் பணி நின்றுபோய், முடிவுறாத கோபுரத்தின்மேல் ஒரு பாரந்தூக்கி மட்டும் பல நூற்றாண்டுகள் நின்றது. இன்று வட்ட மோதுவியை வரைகிறவர்களுள் பலர் 2070களின் மோதல்களைக் காணப்போவதில்லை என்பதை அறிந்தே வரைகிறார்கள். அக்காலக் கொத்தரைப்போல அவர்களும் பிறர் காணும் பொருட்டு உழைக்கிறார்கள். ஆனால் கொத்தர் தாம் கட்டுவது ஆலயம் என்று அறிந்திருந்தனர். இவர்கள் கட்டும் கருவிக்குள் கரும்பொருள் வருமா, வராதா என்பதை இவர்களே அறியார்.

நம்பிக்கையாளர்களான நமக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. அறிவியல் அறியாத இடத்திலெல்லாம் இறைவனைக் கொண்டுபோய் வைத்துவிடும் சோதனை அது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அண்டத்தின் தொடக்கம் பற்றிய புதிய கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் கண்டு உரையாற்றினார். அக்கோட்பாட்டை வகுத்த அருட்தந்தை ஜார்ஜ் லெமைத்தர் இதனால் மகிழவில்லை. அறிவியல் கருதுகோள் நாளை மாறலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டலாகாது என்பது அவர் எண்ணம். மறு ஆண்டு வானியல் அறிஞர்களிடம் பேசியபோது திருத்தந்தை அவ்வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. காணப்படாத பொருள் ஒன்று இருக்கிறது என்பதனால் காணப்படாத இறைவன் மெய்ப்பிக்கப்படவில்லை. அப்பொருள் இல்லை என்று நாளை தெரிந்தால் அவர் மறுக்கப்படப் போவதுமில்லை. கரும்பொருளும் படைப்பின் ஒரு பகுதியே. அதை எடைபோடலாம், எண்ணலாம், தேடலாம்.

லெமைத்தரிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்தப் பொறுமையே. 1984இல் பரபரப்பை அடக்கிக் கணக்கை மீண்டும் கூட்டியவர்களிடம் அது இருந்தது. 26 ஆண்டுகள் காத்திருந்து நியூட்ரினோவைக் கண்டவர்களிடமும் இருந்தது. புதிய மோதுவி கட்டப்பட்டு அதன் இறுதி ஐந்தொகையிலும் ஒன்றுமே குறையவில்லை என்று வருமானால், அதையும் அவ்வாறே எழுதி வெளியிட வேண்டியிருக்கும். அம்முடிவை ஏற்கும் மனம் உடையவர்களிடமே இத்தனை கோடிகளை ஒப்படைக்கலாம். நம் பள்ளிகளில் அறிவியல் பயிலும் பிள்ளைகளுக்குத் துகள்களின் பெயர்களோடு இந்த மனத்தையும் கற்பிப்பது நம் கடமை.